முப்பிடாதியிலி

புங்க மரத்தோட நெழலு காணாமப் போன கதையைக் கேக்க வாரவுக எல்லாரும் மொதல்ல மரம் எங்க இருக்கு, எத்தனை வயசுன்னுதான் கேக்காவ. மரம் எங்கயும் போகல, அங்ஙனயேதான் நிக்குது, ஆராய்ச்சி ஆபீஸ் கேட்டுக்கு நேர் எதுக்க, பஸ் ஸ்டாப்புக்கும் காஜா பாய் டீக்கடைக்கும் நடுவுல, போய்ப் பாத்துக்கிடுங்க. நான் என் கதையைத்தான் சொல்லுவேன். பொறுமை உள்ளவுக இருங்க, இல்லாதவுக எந்திரிச்சுப் போங்க, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.

என் பேரு முப்பிடாதி. பத்தொம்பது வருசம் அந்த மரத்தடியில தள்ளுவண்டி போட்டுத் துணி தேச்சேன். என் வீட்டுக்காரர் பலவேசம் சைக்கிள்ல தெருத்தெருவாப் போய்த் துணி எடுத்தாருவாரு, நான் தேய்ப்பேன், சாயங்காலம் அவரே கொண்டுபோய்க் குடுப்பாரு. தேய்க்கிற கரிப்பெட்டி ஏழு கிலோ கனம், உள்ள நெருப்பு, அதைக் காலையில எட்டு மணியில இருந்து இழுத்துக்கிட்டே நிக்கணும். கையில நெருப்பை வச்சுக்கிட்டுத் தலையிலயும் நெருப்பு விழுந்தா மனுசி நிப்பாளா? எங்க ஊரு வெயிலு அப்படிப்பட்ட வெயிலு, சித்திரையில ரோட்டுத் தாரு செருப்போட ஒட்டிக்கிட்டு வரும். வேப்ப மர நெழலு வேற, புளிய மர நெழலு வேற, புங்க மர நெழலு வேற. புங்க நெழலுக்குள்ள காலை வச்சதும் காதோரத்து வேர்வை குளுந்துரும். நடந்து போறவுகளுக்கு அது நெழலு. எனக்கு அதுதான் கடை, அதுதான் கூரை, அது இல்லைன்னா நான் அங்ஙன நிக்க முடியாது, அவ்வளவுதான் விசயம்.

இனி எப்சிபா. டாக்டர் எப்சிபான்னு கேட்டுல போர்டு இருக்கு, ஆனா ஊசி போடுற டாக்டர் இல்ல, செடி கொடியைப் படிக்கிற டாக்டர். ஏழு வருசத்துக்கு முந்தி பாளையங்கோட்டையில இருந்து வேலைக்கு வந்தவ, மொத நாளே ஒரு காட்டன் சேலையைக் கொண்டாந்து, கஞ்சி போட்டு மடிப்பு நிக்கிற மாதிரி தேச்சுக் குடுங்கக்கான்னா. குடுத்தேன். அதைக் கட்டிக்கிட்டு வந்து என் முன்னால நின்னு ஒரு சுத்துச் சுத்திக் காமிச்சா. அன்னையில இருந்து மத்தியானச் சோத்துக்கு மரத்தடிக்கே வந்துருவா, கவுத்துப் போட்ட மரப்பெட்டியில உக்காந்து என் எள்ளுத் தொவையலை வழிச்சு வழிச்சுத் தின்பா, அவ சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் தள்ளுவா. அவளைப் பெத்தவ செத்துப்போன வருசம் ஆபீஸ்ல ஒருத்தர்ட்டயும் அழாதவ என் தோள்ல சாஞ்சு அழுதா, தேச்சு அடுக்கின துணி அத்தனையும் நனைஞ்சுபோச்சு. மேடமாவது கீடமாவது, எப்சின்னே கூப்பிடுங்கன்னு சொன்னவ அவதான். நானும் அப்படியே கூப்பிட்டேன், கூறுகெட்டவ.

என்ன வேலைதான் பாக்கேன்னு ஒரு நாள் கேட்டேன். செடிக்குள்ள ஒரு எழுத்து இருக்குக்கான்னா, நாலே நாலு எழுத்து, அந்த நாலையும் கோடிக்கணக்குல மாத்தி மாத்தி எழுதித்தான் வேரு, இலை, பூ, காய் எல்லாம் ஆகியிருக்காம். அந்த எழுத்துல ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை உண்டு, அதுக்குப் பேரு ஜீன். அவரையும் மொச்சையும் புங்கையும் ஒரே குடும்பத்துப் பங்காளிகளாம், எத்தனையோ காலத்துக்கு முந்தி பாகம் பிரிஞ்சு போனவுகளாம், பிரியும்போது யாரு எந்தச் சொத்தை எடுத்துக்கிட்டுப் போனாங்கன்னுதான் நான் பார்க்கிறேன், இந்தப் புங்கை மட்டும் இம்புட்டு குளிர்ச்சியான நிழலை எங்க இருந்து எடுத்துட்டு வந்துச்சுன்னு தெரிஞ்சா போதும்னா. எழுத்தெல்லாம் படிச்சாச்சு, ஆனா எந்தத் துண்டு எந்த வேலைக்குன்னு தெரியலைன்னு நெத்தியைத் தேச்சுக்கிட்டா.

அதுக்குத்தான் நான் வாயைக் குடுத்தேன். எங்க தொழில்ல ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி உண்டு, ஒரு புள்ளி ரெண்டு கோடு போஸ்ட்மேன் வீடு, மூணு புள்ளி வாத்தியார் வீடு, சேராங்கொட்டை மையில ஓரத்துல வச்சா எத்தனை வெளுப்புக்கும் போகாது. சில நேரம் குறி இல்லாத துணி ஒண்ணு கட்டுல வந்து சேந்துரும். அதைத் தூக்கிக்கிட்டு இது உங்களுதா உங்களுதான்னு அலையக்கூடாது, அலைஞ்சா நல்ல துணியா இருந்தா நாலு வீட்லயும் எங்களுதும்பாவ. எடுத்து ஒளிச்சு வச்சிரணும். மறுநாளு எந்த வீட்ல காணோம்னு சத்தம் கேக்கோ, துணி அவுகளுது. இதைச் சொன்னதும் எப்சி சிரிச்சா பாருங்க, தின்ன சோறு புரையேறிப்போச்சு. "அக்கா, நாங்க எட்டு வருசம் படிச்சதை நீங்க ஒரு நிமிசத்துல சொல்லிட்டீங்க. எங்க வேலையும் இதேதான். ஒரு ஜீனை அடைச்சுப் போடுவோம். செடியில என்ன காணாமப் போகுதோ, அதுதான் அந்த ஜீனோட வேலை."

"எம் மரத்துல அந்தச் சோலியெல்லாம் வச்சுக்கிடாத தாயி."

"சே, உங்க மரத்துல நகம் படுமா? எல்லாம் கண்ணாடி வீட்டுக்குள்ள இருக்கிற சின்னக் கன்னுலதான். உங்க மரத்துல இருந்து தினம் ஒரு இலை, அதுக்கு மேல தொடமாட்டேன், அம்மா மேல சத்தியம்."

செத்துப்போன தாய் மேல சத்தியம் பண்ணினா யாரு நம்பமாட்டா? நான் நம்பினேன். தெனமும் நானே கை எட்டுற கொப்புல நல்ல இலையாப் பாத்துக் கிள்ளிக் குடுத்தேன்.

சித்திரைக் கொடைக்கு ஊருக்குப் போனோம், எங்க முப்பிடாதி அம்மனுக்கு மூணு நாள் கொடைத் திருவிழா, வருசத்துல அந்த மூணு நாளும் பெட்டியில நெருப்புப் போடமாட்டேன். நாலாம் நாள் காலையில வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்து இடத்துல நிப்பாட்டுனா, வண்டியோட நெழலு தரையில கிடக்கு, என் நெழலு கிடக்கு, காஜா பாய் பாய்லரோட நெழலு கிடக்கு, மரத்துக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. அண்ணாந்து பாத்தேன், இலையெல்லாம் கருகருன்னு செழிப்பா இருக்கு, ஒரு இணுக்கு வாடல. வெயிலு அம்புட்டு இலையையும் தாண்டி நேரா என் உச்சியில எறங்குச்சு. மரத்தைச் சுத்தி வந்தேன், அந்தப் பக்கம் எங்கயாவது விழுந்து கிடக்கான்னு பாத்தேன், இல்ல. தூருக்கு மேல ஒரு முழத்துல விரக்கடை அளவுக்கு மெழுகு பூசியிருந்தது. பூச்சிக்கு மருந்து வச்சிருப்பாவன்னு நெனச்சுக்கிட்டேன்.

மொத வாரம் வேடிக்கை பாக்கத் திருவிழாக் கூட்டம். ரெண்டாம் வாரம் பாதி. மூணாம் வாரம் ஊரு அதுபாட்டுக்கு அதைப் பழகிக்கிட்டுது. காஜா பாய் போர்டுல "நிழலில்லா மரம் டீ ஸ்டால்"னு எழுதிப்போட்டாரு, யாவாரம் கூடிப்போச்சு. பஸ்ஸுக்கு நிக்கிறவுக மரத்தடியில நின்னே குடை பிடிச்சாவ. கோடை மழை ஒரு நாளு வெளுத்து வாங்குச்சு, எல்லாரும் மரத்தடிக்கு ஓடினோம், ஒரு சொட்டு மேல படல, அப்பத்தான் தெரிஞ்சுது மரம் மழையைத் தடுக்கும், வெயிலைத்தான் விட்டுரும்னு. அதுக்குப் பொறவு பின் தெருப் பொம்பளையெல்லாம் வத்தலும் வடகமும் கொண்டாந்து மரத்தடியிலயே காயப் போட்டாளுக, திடீர்னு மழை வந்தாலும் எடுக்க ஓட வேண்டாம் பாருங்க. முனிசிபாலிட்டியில இருந்து ஒருத்தர் வந்து பஸ் ஸ்டாப்புக்கு நிழல் வசதி உண்டாங்கிற கட்டத்துல ரொம்ப நேரம் யோசிச்சு "மரம் உண்டு"ன்னு எழுதிட்டுப் போனாரு.

வரப்போரத்து மரத்து நெழலு பக்கத்து மொளகாத் தோட்டத்துல விழுதுன்னு பதினோரு வருசமா கோர்ட்டுக்கு அலைஞ்ச அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில வந்து எறங்கி, தேங்கா ஒடைச்சு, ஒரு கொப்பு குடுங்க பதியம் போட்டுக்கிடுதோம்னு நின்னாவ. கோயில்காரர் ஒருத்தரு சாமி காலு நெலத்துல படாது, அதனால அதுக்கு நெழலும் கிடையாதுன்னு சொல்லி மஞ்சத்துணியைக் கட்டிட்டாரு. கொப்புல கூடு கட்டியிருந்த காக்கா மட்டும் குஞ்சு காயுதேன்னு என் வண்டியில இருந்து கைக்குட்டை ரெண்டைத் தூக்கிட்டுப் போய்க் கூட்டு மேல மூடிச்சு. நானும் வெரட்டல.

ஆக ஊருக்கெல்லாம் ஒரு வழி கெடைச்சுது. எனக்குத்தான் கெடைக்கல. குடையைக் கட்டினேன், கரிப் பொறி தெறிச்சு ஓட்டை விழுந்துச்சு. சாக்கைக் கட்டினேன், பொகை உள்ளயே சுத்தி கண்ணு எரிஞ்சுது. பதினோரு மணிக்கெல்லாம் கண்ணு இருட்டிக்கிட்டு வரும், பெட்டியை எங்க வச்சேன்னு தெரியாது, வாத்தியாரு வேட்டி ரெண்டைக் கருக்கிட்டேன், பத்தொம்பது வருசத்துல ஒரு துணி கருகினதில்ல. கழுத்தும் முழங்கையும் தோலு உரிஞ்சு போச்சு. ஒரு நாளு வண்டி மேலயே சரிஞ்சு விழுந்தேன், காஜா பாய்தான் தண்ணி தெளிச்சு எழுப்பினாரு. "வேற எடம் பாப்போம் முப்பி, இது நமக்கு ஆகாது"ன்னு பலவேசம் கெஞ்சினாரு. நான்தான் வீம்பு பிடிச்சேன். "எப்சி இருக்கால்லா, படிச்சவ, கண்டுபிடிச்சுச் சொல்லிருவா, ரெண்டு நாளு பொறுங்க"ன்னு சொல்லிச் சொல்லியே ரெண்டு மாசம் வெயில்ல நின்னேன்.

கேக்காம இருப்பேனா? மொத நாளே கேட்டேன். "என்ன ஆச்சு எப்சி, எம் மரத்துக்கு?" மரத்தை அண்ணாந்து பாத்துட்டு, "தெரியலையேக்கா, இந்த வருச வெயிலு அப்படி. பார்ப்போம்"னா. என் மூஞ்சியைப் பாத்துத்தான் சொன்னா. அதுக்குப் பொறவு தெனமும் வந்தா, முன்னைவிட அக்கறையா வந்தா. "இன்னைக்கு எப்படிக்கா இருந்துச்சு? எத்தனை மணிக்குக் கிறுகிறுப்பு வந்துச்சு? எத்தனை செம்பு தண்ணி குடிச்சீங்க? எத்தனை துணி தேய்ச்சீங்க?" எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக்கிடுவா. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போகும். கூடப் பெறந்தவ இப்படிக் கேப்பாளான்னு பலவேசத்துட்ட பெருமை பேசுவேன். ஒரு நாளு மயக்கம் வரலைன்னு சொல்லவே எனக்குச் சங்கடமா இருந்துச்சு, அவ அம்புட்டு ஆசையா நோட்டை விரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

ஆனி மாசம் ஒரு காலையில நாலஞ்சு கார் வந்து நின்னுது. வெளியூரு ஆளுக, ஒரு பத்திரிகைக்காரர், போட்டோ எடுக்கிறவரு. நான் தேச்சுக் குடுத்த அரக்குக் கலர் சேலையில எப்சி மரத்துக்கு முன்னால வந்து நின்னா, மடிப்பு ஒண்ணு கலையாம அப்படியே நிக்கு. போட்டோக்காரர் அங்ஙன இங்ஙன பாத்துட்டு அவ காதுல என்னமோ சொன்னாரு. அவ என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, "அக்கா, வண்டியைக் கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக்கோங்க, போட்டோல விழுது"ன்னா. தள்ளினேன். தள்ளிட்டு ஓரமா நின்னு கேட்டேன், தமிழ்லதான் பேசினா, ஒவ்வொரு சொல்லும் விளங்குச்சு.

"கண்ணாடி வீட்டுல நாலு பக்கமும் விளக்கு, அங்க எந்தச் செடிக்கும் நிழல் விழாது. அதனால கன்னுல அந்த ஜீனை அடைச்சப்போ எங்களுக்கு ஒரு மாற்றமும் தெரியல. பெரிய மரத்துல அடைச்சுப் பார்த்தாத்தான் தெரியும்னு முடிவு பண்ணி, சித்திரையில இந்த மரத்துக்கு ஊசி போட்டோம். மூணாம் நாள் நிழல் போயிடுச்சு."

சித்திரையில. நான் கொடைக்குப் போன மூணு நாளுல. மெழுகு பூசின எடம் எதுக்குன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. கத்தணும்னு வாயைத் தொறந்தேன், சத்தம் வரல. எனக்கு, முப்பிடாதிக்கு, சத்தம் வரல, பஸ் ஸ்டாப்புல நிக்கிற யாரை வேணும்னாலும் கேளுங்க, என் சத்தம் எப்பேர்ப்பட்ட சத்தம்னு.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோட வந்தா. வழக்கம்போல மரப்பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காந்தா. நான் நின்னுக்கிட்டே கேட்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

எதைன்னு அவ கேக்கல. டப்பாவை மூடி வச்சா. "கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன். அதுக்குத்தான கேக்குறது!"

"ஊர்ல வேற எந்த மரத்தை எடுத்திருந்தாலும் நிழல் போனதை யாரும் கவனிச்சிருக்கவே மாட்டாங்கக்கா. நாள் பூரா நிழல்ல நிக்கிறது நீங்க ஒருத்திதான். நீங்கதானே சொன்னீங்க, சத்தம் கேட்கிற வீட்டைப் பாருன்னு."

"அதுக்காக? நான் விழுந்து கெடந்தப்ப என்ன ஏதுன்னு கேட்டியே, தண்ணி குடிச்சியா தண்ணி குடிச்சியான்னு கேட்டியே, அதெல்லாம்?"

அவ கண்ணுல தண்ணி நின்னுது, இல்லைன்னு சொல்லமாட்டேன். பொறவு பையில இருந்து ஒரு காயிதக் கட்டை எடுத்தா, வெளிநாட்டுல அச்சடிச்சது. "உங்களை மறந்துடலக்கா. அந்த ஜீனுக்கு உங்க பேரைத்தான் வச்சிருக்கேன். எங்க வழக்கப்படி ஒரு ஜீன் கெட்டுப்போனா என்ன காணாமப் போகுதோ, அதை வச்சுத்தான் பேரு. இனி உலகத்துல யார் இந்த ஜீனைப் படிச்சாலும் உங்க பேரைச் சொல்லித்தான் ஆகணும்." விரலை வச்சுக் காமிச்சா. தமிழ்ல என்னன்னு கேட்டேன்.

"முப்பிடாதியிலி."

"இலின்னா?"

"இல்லாததுன்னு அர்த்தம். நிழல் போச்சுன்னா நீங்க அங்க இருக்கமாட்டீங்க, அதனால..." சொல்லிக்கிட்டே வந்தவ பாதியில நிப்பாட்டிட்டா. நான் இன்னும் அங்ஙனதான் நின்னுக்கிட்டிருந்தேன், ரெண்டு மாசமா, அவளுக்கு முன்னாலயே, அம்புட்டு வெயில்லயும். நான் போயிருவேன்னு முன்கூட்டியே எழுதி அச்சுக்கும் அனுப்பிட்டா.

"அச்சுல ஏறிப்போச்சா?"

"ஏறிடுச்சுக்கா."

"அப்ப சரி, டாக்டரம்மா. உங்க எழுத்து பொய்யாக வேண்டாம்." பெட்டியில இருந்த நெருப்பைத் தரையில கொட்டி மண்ணைத் தள்ளினேன். அவ சேலை அஞ்சு தேய்க்காம கிடந்துச்சு, எடுத்து அவ மடியில வச்சேன். வண்டியைத் தள்ளிக்கிட்டுப் பின்னால திரும்பிப் பாக்காம போனேன், அக்கா அக்கான்னு ரயில்வே கேட்டு வரைக்கும் அவ கூட வந்தா, ரயில் வந்ததும் நின்னுட்டா.

ஊருக்கு மறு கோடியில பழைய நெல்லு மில்லு ஒண்ணு மூடிக் கிடக்கு, அதோட தகரச் சாய்ப்புல எடம் பிடிச்சோம். தகரம் நல்லதில்ல, காலையில பத்து மணிக்கே மேல இருந்து வேகும். ஆளு நடமாட்டமும் கம்மி. பலவேசம் சைக்கிள்ல மூணு மைல் கூடுதலா மிதிச்சாரு.

ஐப்பசி மழை முடிஞ்சதும் காஜா பாய் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாரு, மரத்துக்கு நெழலு வந்துட்டுன்னு. ஊசி மருந்தோட வேகம் அடங்கிப்போச்சாம், மொதல்ல வலை மாதிரி லேசா விழுந்துச்சாம், பொறவு பழையபடி கருங்குளிர்ச்சியா. வத்தல் காயப் போட்டவளுக மொணமொணன்னு திட்டிக்கிட்டே எடத்தைக் காலி பண்ணினாளுகளாம். காஜா பாய் போர்டை அழிக்கல, பேரு நல்லா இருக்குன்னு விட்டுட்டாரு. போவமான்னு பலவேசம் கேட்டாரு. நான் அடுத்த துணியை எடுத்து விரிச்சேன்.

அடுத்த வாரம் எப்சியே வந்தா. மெலிஞ்சு போயிருந்தா, கசங்கின சேலை, யாரோ தேய்க்கத் தெரியாதவுக தேச்சது. தகரச் சூட்டுல என் முன்னால நின்னா.

"அக்கா, நிழல் வந்துடுச்சு. முன்னைவிட அடர்த்தி. உங்க இடத்துல யாரையும் நிக்கவிடாமப் பார்த்துக்கிட்டிருக்கேன். நான் செஞ்சது தப்பு, மன்னிச்சிருங்க. வாங்கக்கா."

பொய் சொல்லமாட்டேன், எனக்கு அந்தக் குளிர்ச்சி கண்ணுல வந்து நின்னுது. ஏழு வருசம் கூட உக்காந்து தின்னவ. மனசு எளகிப்போய், தேய்க்கிறதை விட்டுட்டுப் பெட்டியை நிமுத்தி வச்சுட்டேன். பலவேசம் அதைப் பாத்துட்டுத் துணியெல்லாம் கட்ட ஆரம்பிச்சுட்டாரு.

"எப்ப வரணும்?"

அவ முகம் மலர்ந்துபோச்சு. "இந்த வாரமே வந்துடுங்கக்கா. திங்கட்கிழமை வெளிநாட்டுல இருந்து வர்றாங்க. எங்க வேலையில கெட்ட ஜீன் சரியாயிட்டா காணாமப் போனது திரும்பி வரணும், வந்தாத்தான் நாம சொன்னது நிரூபணமாகும். நிழல் வந்தாச்சு. நீங்க ஒருத்திதான் பாக்கி. நீங்க அங்க நிக்கலைன்னா நான் வச்ச பேரே தப்புன்னு எழுதிடுவாங்க."

பலவேசத்தோட கை முடிச்சுலயே நின்னுபோச்சு. நான் பெட்டியைத் தெறந்து கரியை ஊதினேன், நல்லாக் கனிஞ்சுதான் இருந்துச்சு.

"தப்புதான் டாக்டரம்மா"ன்னேன். "நான் அங்ஙன இல்லாததுக்கு மரம் காரணமில்ல. தப்புன்னே எழுதிருங்க."